இயல் 6: அலைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை விநாடி?

மணலியிலிருந்து எர்ணாவூர்க் கடற்கரைக்குக் கிளம்புகிறவர் முதலில் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். மேகம் இல்லை, காற்று இல்லை, புயல் சின்னம் என்று செய்தியில் எதுவும் சொல்லவில்லை. சரி, கடல் சாதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கைபேசியில் அலை உயரத்தைப் பார்க்கிறார். ஒரு மீட்டருக்குக் குறைவு என்றிருந்தால் அவருக்கும் அதே நிம்மதி. இரண்டு நிம்மதிகளும் இந்தக் கரைக்குப் பொருந்தாதவை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரையிலான கரையில் வரும் நாட்களின் கடலைக் கணிக்க வேண்டுமானால், முன்னறிவிப்பில் பலரும் தாண்டிப் போய்விடும் ஓர் எண்ணை முதலில் படிக்க வேண்டும். ஓர் அலையின் முகடு வந்து அடுத்த முகடு வருவதற்குள் கழியும் விநாடிகள் அது. அலைக்காலம் என்று அதைச் சொல்வோம். உயரம் இரண்டாவது, திசை மூன்றாவது. வானம் கடைசி. இப்படி ஏன் வரிசையை மாற்றச் சொல்கிறோம் என்பதற்கான காரணங்களும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுக்குப் பதில்களுமே இந்த இயல்.

முதலில் கரையின் குணம். அலைச்சறுக்குக்காரர்கள் அலை உடையும் இடங்களை அடித்தரையை வைத்துப் பிரிப்பார்கள்: மணல்மேல் உடைவது, பாறைத் திட்டின்மேல் உடைவது, முனையைச் சுற்றி உடைவது. மணல் நகரும், அதனால் உடையும் இடமும் நகரும். பாறை நகராது. அதனால் பாறைத் திட்டில் எந்த அலைக்காலத்துக்கு, எந்தத் திசைக்கு என்ன நடக்கும் என்பது வருடாவருடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இலங்கையின் ஹிக்கடுவையும் மிதிகமவும் அப்படிப்பட்ட இடங்கள். வடசென்னைக்கு இயற்கை அப்படி ஒன்றைத் தரவில்லை, துறைமுகம் தந்தது. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரம் ஊர்ந்துகொண்டிருந்த மணலை மறித்தன. மறித்த பக்கத்தில் மெரினா அகன்றது. மணல் வராத பக்கத்தில் இராயபுரமும் திருவொற்றியூரும் தேயத் தொடங்கின. தேய்வை நிறுத்தக் கருங்கல் கொட்டினார்கள், சுவர் எழுப்பினார்கள், பிறகு கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளை வரிசையாகப் போட்டார்கள். நேர்கல் என்றும் தூண்டில் வளைவு என்றும் மக்கள் இவற்றைச் சொல்கிறார்கள். இன்று எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி அலை மோதுவது பெரும்பாலும் கல்லின்மேல்தான். தடுப்புகளின் தலைமாட்டில் நீருக்குள் சரிந்து கிடக்கும் கற்கள் ஒரு செயற்கைப் பாறைத் திட்டாகவே வேலை செய்கின்றன. ஆகவே பாறைக் கரைக்கான கணிப்பு முறைதான் இங்கே பொருந்தும். ஆனால் இரண்டு தடுப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மணல் மட்டும் பருவத்துக்கேற்ப இடம் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

இனி அலை. கடலில் நாம் பார்ப்பது இரண்டு வகை அலைகளின் கலப்பு. பக்கத்தில் வீசும் காற்று அங்கேயே எழுப்புவது ஒன்று. காற்றலை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் காலம் பொதுவாக நான்கு முதல் எட்டு விநாடி. இன்னொன்று, எங்கோ வெகு தொலைவில் வீசிய புயலில் பிறந்து, பிறந்த இடத்தை விட்டுப் பயணம் செய்து வருவது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கும் பையன்கள் ஸ்வெல் என்பார்கள். நாம் தொலையலை எனலாம். அதன் காலம் பன்னிரண்டு முதல் இருபது விநாடி வரை இருக்கும். ஆழ்கடலில் அலையின் நீளம் அலைக்காலத்தின் வர்க்கத்தோடு கூடும். 6 விநாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர், 16 விநாடி அலையின் நீளம் சுமார் 400 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கிவிடும். எனவே காற்றலை 28 மீட்டர் ஆழத்தில் உணர்வதைத் தொலையலை 200 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்து, வேகம் குறைந்து, நிமிரத் தொடங்குகிறது. இதன் விளைவைக் கரைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், ஆழ்கடலில் ஒரு மீட்டர் உயரமுள்ள 6 விநாடி அலை உடையும்போது ஏறக்குறைய 1.25 மீட்டர். அதே ஒரு மீட்டர், 16 விநாடியாக இருந்தால் 1.9 மீட்டர். திருப்பிச் சொன்னால், வெறும் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள 16 விநாடித் தொலையலை, ஒரு மீட்டர் காற்றலைக்குச் சமமாகக் கரையில் உடையும். இது உடையும் உயரம் மட்டுமே. உடைந்த பிறகு கல்லின்மேல் நீர் ஏறும் தூரத்தில் வேறுபாடு இன்னும் பெரிது: மற்றவை சமமாக இருந்தால் அது அலைக்காலத்தோடு நேராகவே கூடும். 0.6 மீட்டர் என்ற எண்ணைப் பார்த்துவிட்டுத் தடுப்பின் நுனிக்குத் தூண்டிலோடு போகிறவர் எதைத் தவறவிட்டார் என்பது இதிலிருந்து தெரியும்.

தொலையலைக்கு இன்னொரு குணம் உண்டு. முன்னறிவிப்புக்கே அதுதான் ஆதாரம். காலம் நீண்ட அலை வேகமாகப் போகும். 20 விநாடி அலைகளின் கூட்டம் மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர், 14 விநாடிக் கூட்டம் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் புயல் பிறந்தால், அங்கிருந்து சென்னைக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தியது ஐந்து நாளில் வரும். பிந்தியது ஏழரை நாள் எடுக்கும். முதலில் வருபவை உயரம் குறைந்தவை, காலம் மிக நீண்டவை. கடல் கண்ணாடி போல இருக்க, கரையில் மட்டும் நீர் திடீரென்று ஏறி இறங்கும். கேரளக் கரையில் கள்ளன் வருவதுபோல் வருவதால் கள்ளக்கடல் என்று பெயரிட்டார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31-இல் கேரளக் கரையிலும் தமிழகத்தின் தென்கோடியிலும் கடல் ஊருக்குள் புகுந்ததற்குக் காரணம், மார்ச் 23 வாக்கில் தென் அட்லாண்டிக்கிலிருந்து தென் இந்தியப் பெருங்கடலுக்குள் நகர்ந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு என்று ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் விளக்கியது. நடுவே ஒரு வாரம் இருந்தது. அதே ஆண்டு மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோதும் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. வங்கக்கடலில் அப்போது புயல் எதுவும் இல்லை.

அது குமரிமுனை, நமக்கென்ன என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. வரைபடத்தை விரித்தால் சென்னைக்கு நேர் தெற்கே இலங்கை குறுக்கே நிற்பது தெரியும். தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் தொலையலையில் பெரும்பங்கை அந்தத் தீவு வாங்கிக்கொள்கிறது. குமரியிலும் கொல்லத்திலும் இரண்டு மீட்டராக ஏறுவது இங்கே கால்வாசியாக வந்து சேர்வதும் உண்டு. ஆனால் தீவின் கிழக்கு விளிம்பைத் தாண்டி, திசைமானியில் 165 பாகைக்கும் கிழக்கே சாய்ந்து வருகிற அலைக்குத் தடையே இல்லை. அதனால்தான் அலைத் திசை என்ற மூன்றாவது எண்ணைக் கேட்கிறோம். 190 என்று இருந்தால் பெரும்பகுதி இலங்கையில் நின்றுவிடும். 160 என்று இருந்தால் அது நம் வீட்டு வாசலுக்கு வருகிற அலை. இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம் குடா என்ற புகழ்பெற்ற அலைச்சறுக்கு இடம் இருக்கிறது; அதற்கான முன்னறிவிப்பு நாள்தோறும் எளிதில் கிடைக்கும். அங்கிருந்து எண்ணூருக்கு நேர்க்கோட்டில் சுமார் 700 கிலோமீட்டர். 14 முதல் 16 விநாடி அலை இந்தத் தூரத்தைக் கடக்கப் பதினாறு முதல் பதினெட்டு மணி நேரம் ஆகும். இன்று மாலை அறுகம் குடாவில் எழும்புவது நாளை முற்பகலுக்குள், கொஞ்சம் தேய்ந்து, எர்ணாவூர்க் கல்லைத் தொடும்.

இப்போது வரும் வாரங்கள் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். முதல் ஏழு நாள் ஒரு ரகம். இந்த நாட்களுக்குரிய தொலையலை பெரும்பாலும் இன்றைக்கே கடலில் பிறந்து பயணத்தில் இருக்கிறது. கணிப்பவர்கள் அதைப் பின்தொடர்கிறார்களே ஒழிய ஊகிக்கவில்லை. எனவே முதல் வாரத்தின் அலைக்காலத்தையும் திசையையும் நம்பலாம், வந்து சேரும் நேரத்தில் மட்டும் ஆறேழு மணி முன்பின் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை இணையதளங்கள் அழகான வண்ணப் பட்டைகளாகக் காட்டுவது, இன்னும் பிறக்காத புயலின் பிள்ளைக்குப் பெயர் வைப்பதுதான். அதில் ஒரு பெரிய எழுச்சி தெரிந்தால் குறித்துவையுங்கள். அடுத்தடுத்த நாள் பார்க்கும்போதும் அதே இடத்தில் அது நின்றால் மட்டும் பொருட்படுத்துங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்துக்கு எந்தத் தளம் என்ன சொன்னாலும் விட்டுவிட்டு, பருவத்தை மட்டும் நம்புவதே அறிவு.

பருவம் இந்தக் கரையில் தெளிவாகவே பேசுகிறது. மார்ச் முதல் மே வரை காற்று மெலிது, தென்கடல் தொலையலை மட்டும் தனியாக வரும். அழகான கடல், ஆனால் ஏமாற்றுகிற கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். தொலையலை தொடர்ந்து வரும். காலையில் நிலத்திலிருந்து வீசும் மேற்குக் காற்று அலையை வாரிச் சீவினாற்போல ஒழுங்காக வைத்திருக்கும், நண்பகலுக்குப் பின் கடற்காற்று அதைக் கலைத்துவிடும். 2023-இல் உலக சர்ஃப் லீக்கின் போட்டியை மாமல்லபுரத்தில் ஆகஸ்டில் வைத்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அக்டோபரில் வாடை தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. வடகிழக்கிலிருந்து காற்றலை. காலம் ஆறிலிருந்து ஒன்பது விநாடி, உயரம் அதிகம், இடைவெளி இல்லாத அடி. போதாக்குறைக்குச் சென்னைக் கரையில் சராசரி நீர்மட்டமே அக்டோபர், நவம்பரில்தான் ஆண்டின் உச்சத்தில் இருக்கிறது. புயல் வந்தால் பத்து விநாடிக்கு மேற்பட்ட அலைகள் பக்கத்திலிருந்தே கிளம்பிவரும், ஒரு வார அவகாசமெல்லாம் கிடைக்காது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது காசிமேட்டில் கட்டிக்கிடந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன. ஜனவரி, பிப்ரவரியில் வாடை தளர்ந்து கடல் இறங்கும்.

ஒரே அலை எல்லாக் குப்பத்தையும் ஒன்றுபோல் தொடுவதில்லை. இதை எந்த முன்னறிவிப்பும் உங்களுக்குச் சொல்லாது. தெற்கிலிருந்து சாய்ந்து வரும் தொலையலைக்குச் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் குடை பிடிக்கின்றன. எனவே மே மாதத்தில் காசிமேட்டுக்கும் இராயபுரத்துக்கும் பாதுகாப்பு அதிகம். வடக்கே போகப் போகக் குடையின் நிழல் குறைந்து, திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூருக்கு வரும்போது அலை முழுசாக விழுகிறது. நவம்பரில் இது புரள்கிறது. வடகிழக்குக் காற்றலைக்கு இராயபுரம் திறந்து கிடக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய தாழங்குப்பம், நெட்டுக்குப்பத்துக்கு வடக்கே நீண்டிருக்கும் காமராஜர் துறைமுகத்தின் கல்சுவர்கள் ஓரளவு மறைப்புத் தருகின்றன. ஆகவே அலைத் திசை 160 என்றால் வடக்கே இருப்பவர் கவனம், 50 என்றால் தெற்கே இருப்பவர் கவனம் என்று மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கடலைப் படித்த மீனவருக்கு ஐதராபாத்தின் எண் எதற்கு? காற்றின் பெயரும் நீரோட்டத்தின் போக்கும் நீரின் நிறமும் அவருக்குச் சொல்லாததை ஒரு கணினியா சொல்லும்? உள்ளூர்க் காற்றைப் பொறுத்தவரை இந்த வாதத்தை முழுதும் ஏற்கலாம். வாடை எப்போது எழும்பும், கொண்டல் எப்போது திரும்பும் என்பதில் அவர்கள் கணிப்பு பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களில் கணக்குப் போடும் கணினியைவிட நுட்பமானது. ஆனால் கள்ளக்கடலுக்கு உள்ளூர் அடையாளம் மிகக் குறைவு. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்ததற்கு இங்கே வானம் சாட்சி சொல்லாது. அந்தப் பெயரே அதை ஒப்புக்கொள்கிறது: முன்கூட்டித் தெரிந்திருந்தால் அதைக் கள்ளன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடலோர அறிவு எங்கே முடிகிறதோ அங்கேதான் இந்த எண் தொடங்குகிறது; இரண்டுக்கும் சண்டை இல்லை.

இரண்டாவது வாதம்: சென்னையில் ஓதம் சொற்பம்தானே, அதைப் பார்க்க வேண்டுமா? சொற்பம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆனால் கல்சுவர் அந்த ஒரு மீட்டருக்குப் பெருமதிப்புத் தருகிறது. ஆழமில்லாத நீரில் அலையின் உயரம் ஆழத்தின் முக்கால் பங்கை ஒட்டியே நிற்கும், அதற்குமேல் உடைந்துவிடும். சுவரின் காலடியில் நீர் ஒன்றரை மீட்டர் என்றால் சுவரை எட்டும் அலை 1.2 மீட்டருக்கு மேல் போகாது. ஓதம் ஒரு மீட்டர் ஏறினால் அது இரண்டு மீட்டராகலாம். அகன்ற மணற்கரைக்கு அலட்சியப்படுத்தத்தக்க ஓதம், மணலை இழந்த கரைக்குச் சாலைமேல் நீர் தெறிக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது வாதம், எச்சரிக்கை வந்தும் ஒன்றும் நடக்காத நாட்களே அதிகம் என்பது. உண்மை. கோடியக்கரை முதல் பழவேற்காடு வரை என்று ஒரே வரியில் எச்சரிக்கை விடும்போது, அந்த நீண்ட கரையில் சில இடங்களில் மட்டுமே கடல் ஏறும். அதற்காக எச்சரிக்கையைத் தள்ளிவிடுவதைவிட, மேலே சொன்ன திசைக் கணக்கையும் ஓதத்தையும் அதன்மேல் வைத்து உங்கள் குப்பத்துக்கு அதைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

முகத்துவாரத்துக்கு மட்டும் தனி விதி. அலை எண்ணோடு ஏரிகளின் எண்ணையும் படிக்க வேண்டிய இடம் அது. பூண்டியில் திறக்கும் நீர் கொசஸ்தலை ஆற்றிலும், புழல் ஏரியின் உபரி மணலி, சடையங்குப்பம் வழியாகவும் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில்தான் சேர்கின்றன. வெளியே பாயும் வெள்ளத்தை எதிர்த்துத் தொலையலை உள்ளே வரும்போது, முகத்துவார மணல்மேட்டின்மேல் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழுந்து பைபர் படகைப் புரட்டிவிடும். திறந்த கடலில் சாதாரண நாளாக இருந்தாலும் இது நடக்கும். ஏரி திறப்பு அறிவிப்பு வந்த நாளில், வெளிப்பாய்ச்சல் தணியும்வரை அந்த வாயைக் கடக்காமல் இருப்பதே சரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் இதே வழியில்தான் கழிமுகத்தில் இறங்கியது. அலை முன்னறிவிப்பில் நீரின் தூய்மைக்கு ஒரு கட்டம் கிடையாது. மழைக்குப் பிறகு நீரில் படலமோ நாற்றமோ தெரிந்தால் அலை எவ்வளவு அருமையாக இருந்தாலும் இறங்க வேண்டாம்.

கருவி எதுவும் இல்லாமல் அலைக்காலத்தை நீங்களே அளக்கலாம். தடுப்பின் நுனியில் ஒரு கல்லைக் குறிவைத்துக்கொண்டு, சாலையோரத்தில் நின்றபடி, அதை முகடு தொடும்போது கைபேசியில் நேரத்தை ஓடவிட்டு, அதற்கடுத்த பத்தாவது முகடு தொடும்போது நிறுத்துங்கள். கிடைப்பதைப் பத்தால் வகுங்கள். எட்டுக்குக் கீழே என்றால் நீங்கள் பார்ப்பது காற்றலை. கண்ணுக்குத் தெரிவதே ஏறக்குறைய முழு உண்மை. பன்னிரண்டுக்கு மேல் என்றால் இன்னும் இருபது நிமிடம் காத்திருங்கள். தொலையலை கூட்டம் கூட்டமாக வரும். கோவளத்தில் செட் என்பார்கள். இரண்டு கூட்டத்துக்கு நடுவே கடல் தூங்குவதுபோல் கிடக்கும், அந்த நேரத்தில் இறங்குகிறவர்களைத்தான் அடுத்த கூட்டம் வாரிக்கொள்கிறது. முன்னறிவிப்பில் உள்ள உயரமும் அதிகபட்சம் அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அது. சில மணி நேரத்தில் ஓர் அலையாவது அதன் இரு மடங்கை நெருங்கும். ஒரு மீட்டர் என்று படித்தால் இரண்டு மீட்டருக்கு இடம் விட்டு நில்லுங்கள், படகையும் அந்தக் கணக்கில் மேலே இழுத்துவையுங்கள். அலைச்சறுக்குப் பழக விரும்பும் வடசென்னை இளைஞருக்கு எங்கள் தீர்ப்பு ஒன்றே: இந்தக் கல்லின்மேல் பழக வேண்டாம். இங்கே அலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஏறப் பழகுவதைக் கோவளத்து மணலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையில் உங்கள் குப்பத்தின் பெயரைத் தேடாதீர்கள். அங்கே அது இருக்காது. கோடியக்கரை முதல் பழவேற்காடு வரை என்று எழுதியிருந்தால் அதில் எர்ணாவூரும் அடக்கம்.